15,350 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன். தூரம் சுமார் 15,350 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம்தானே ஆகும்? நான்-ஸ்டாப் டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறது. விலை குறைவான இன்னொன்றில் 24 மணி நேரம். எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டில் உள்ளதை நம்புங்கள். அந்த 15,350 கி.மீ., உருண்டை பூமியின் மேல் இரு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். அதன் மேலேயே பிசகாமல் விமானம் பறப்பது அபூர்வம். காற்றைப் பார்த்தும், மூடிய வான்வெளியைத் தவிர்த்தும் சுற்றிப் போகும். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய 13 ஆனது. தூரம் காட்டும் தளங்களில் எண் மாறவே இல்லை!

900 கி.மீ. என்பதும் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம்தான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, எதிரே வந்தால் இழுக்கும், பின்னால் வந்தால் தள்ளும். லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர 7. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். போதாததற்கு, அட்டவணை நேரம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி அடுத்த ஊர் கேட்டில் நிற்பதில் முடிகிறது. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்குமுன் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தூரத்தை 900-ஆல் வகுத்து, அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டினால் தோராயக் கணக்கு வரும். மிக நீண்ட பாதைகளில் அதையும் தாண்டும்.

டிக்கெட்டில் அச்சிடும் மணிகள் அந்தந்த ஊர் நேரம். இரவு 11.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00-க்கு இறங்குவதாக இருந்தால் ஆறரை மணிப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்தங்கியது, அதைக் கூட்டினால் பதினெட்டரை. குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

நடுவில் விமானம் மாற வேண்டிய 24 மணி நேர டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தைவிட முன்பதிவு எண்ணைக் கவனியுங்கள். இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது மாற்று இருக்கை தருவது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான். இடையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரலாம். அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் விசாவும் கேட்கலாம். அப்படி வாங்கினால் நடுவில் நாலைந்து மணி நேரமாவது விடுங்கள்.

'டைரக்ட்' என்ற சொல்லிலும் ஏமாறாதீர்கள். விமான எண் மாறாது என்பதே அதன் பொருள், நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் நிற்காத விமானம் வேண்டுமென்றால் 'நான்-ஸ்டாப்' என்றே தேடுங்கள்.