பாக்கெட் போட்ட கம்பெனி தான் குப்பைக்கும் பொறுப்பு: கேள்வி பதில்

குளச்சல்ல இருந்து: அண்ணாச்சி, கம்பெனிக்காரன் விக்குற பிளாஸ்டிக்க அவனே திருப்பி எடுக்கணும்னு சட்டம் இருக்குன்னு சொல்லுகாவ, நெசமா? எங்க கடப்புறத்துல ஒருத்தனும் எடுக்க வந்து பாத்ததில்ல.

நெசம் தான் மக்கா. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிலயே இருக்கு, 2022 பிப்ரவரில தான் வருசத்துக்கு இவ்வளவு சதவீதம் திருப்பி எடுக்கணும்னு டார்கெட் வச்சாவ, 2023-24ல இருந்து முழுப் பொறுப்பும் கம்பெனிக்கு. ஆனா அதே பாக்கெட்ட அதே ஊர்ல இருந்து எடுக்கணும்னு கெடையாது, அங்க தான் பெரிய ஓட்டை. நாட்டுல எங்கயோ ஒரு ரீசைக்கிள் கம்பெனி கிட்ட அந்த எடைக்கு சர்டிபிகேட் வாங்கி மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல ஏத்திட்டா கணக்கு தீந்துது, குளச்சல் மணல்ல ஷாம்பு பாக்கெட் கெடந்தது கெடந்தபடி தான். அந்த சர்டிபிகேட்லயே 2023ல லட்சக்கணக்குல போலி பிடிபட்டுது.

தக்கலைல இருந்து: பழைய சாமான் வாங்குற ஆக்கர் கடைக்காரர் தண்ணி பாட்டில எடுக்காரு, சிப்ஸ் கவர தொட மாட்டேங்காரு. ஏன்?

பாட்டில் ஒரே வகை பிளாஸ்டிக், உருக்கி நூலாக்கலாம், விலை உண்டு. சிப்ஸ் கவர்ல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கெடக்கும், பிரிக்கது பெரும்பாடு, சாக்கு நெறச்சாலும் எடை நிக்காது, கடைசில பெரும்பாலும் சிமெண்ட் ஆலைல எரிக்கத்தான் போகும். அதப் பெறக்கி, தரம் பிரிச்சி, லாரில ஏத்துற செலவ இப்ப யாரு பாக்கா? ஊராட்சி. அதாவது நம்ம வரிப்பணமும் தூய்மை காவலர் அக்காமாரோட உழைப்பும். அந்த செலவ கம்பெனி தான் கொடுக்கணும், அதுவும் பெறக்குற கைக்கு நேரா வந்து சேரணும், சர்டிபிகேட் கணக்கோட நின்னுரக் கூடாது.

மார்த்தாண்டத்துல இருந்து: வீட்ல நேந்திரங்கா சிப்ஸ் போட்டு என் பேர் ஒட்டி விக்கேன், நானும் கட்டணுமா அண்ணே?

வேண்டாம்மா. குறு, சிறு தொழில் பண்ணுற பிராண்டுகாரங்க மேல இந்தப் பொறுப்ப வைக்கல. குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, உத்யம்னு பேரு, அத பண்ணி வச்சிக்கிடுங்க.

தேங்காப்பட்டணத்துல இருந்து: கிழிஞ்ச வலைக்கு?

வராது, இது பேக்கிங் பிளாஸ்டிக்குக்கு மட்டும். சென்னை காசிமேட்டுல பழைய வலைய அரசே காசு கொடுத்து வாங்க ஆரம்பிச்சிது, அது நம்ம துறைமுகம் ஒவ்வொண்ணுலயும் வேணும்.

நாகர்கோவில்ல இருந்து: டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூவா திருப்பிக் கொடுக்க மாதிரி இதுக்கும் செய்யலாம்லா?

தண்ணி பாட்டிலுக்கு கண்டிப்பா செய்யலாம். நீலகிரில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு ஆரம்பிச்சதே காட்டுல ஒடஞ்ச பாட்டில் ஆனை கால கிழிக்குன்னு ஐகோர்ட்டுல கேஸ் நடந்து தான். ஜெர்மனில 2003ல இருந்தே தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு டெபாசிட் உண்டு, இப்ப 25 சென்ட். கவருக்கு இது சரிப்படாது, அதுக்கு ஊராட்சி ஷெட்ல எந்தக் கம்பெனி கவர் எத்தன கிலோன்னு ஒரு மாசம் எடை போட்டு எழுதி வையுங்க, அடுத்த கிராம சபைல பெறக்குற செலவ கம்பெனி தரணும்னு தீர்மானம் போட்டு அந்தக் கணக்கையும் சேத்து கலெக்டருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்க.