இரவு பத்தரைக்கு வாங்கிய ஏர் ஃப்ரையர்

கேள்வி: டர்பனில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு முன்பணம் சேர்க்க இரண்டு வருடமாக முயற்சி செய்கிறேன். 25-ம் தேதி சம்பளம் வந்தால் போதும், இரவு போனில் எதையாவது வாங்கிவிடுகிறேன். போன வாரம் ஏர் ஃப்ரையர். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது! எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா?

பதில்: முதலில் அந்த ஏர் ஃப்ரையரைக் கவனிப்போம். பெட்டி கைக்கு வந்து ஏழு நாள் ஆகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2002-ம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அனுப்பும் செலவு உங்களுடையது. பணம் 30 நாளுக்குள் திரும்பி வர வேண்டும். நேரில் கடைக்குப் போய் வாங்கியதற்கு இந்தச் சலுகை கிடையாது, மனம் மாறினால் அது நம் பாடு.

சரி, மனக்கட்டுப்பாடு. வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்தார். இப்போதே என்றால் ஒரு தின்பண்டம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்தவர்கள்தான் பின்னாளில் ஜெயித்தார்கள் என்று மேடைகளில் சொல்வார்கள். 2018-ல் வந்த ஆய்வில், குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது அந்தத் தொடர்பு மிகவும் தேய்ந்துபோனது. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். பண்டத்தை மூடி வைத்தபோது பிள்ளைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள். கண்ணெதிரே இருந்தபோது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு யாரும் பெரிதாகச் சாதிக்கவில்லை.

உங்கள் பத்தரை மணியைப் பாருங்கள். உடம்பு அசதி, கையில் போன், கார்டு எண் அதிலேயே பதிவாகி இருக்கிறது. ஏர் ஃப்ரையருக்குப் படமும் விலையும் உண்டு. 'என்றோ ஒரு வீட்டுக்கு' என்ன உண்டு? கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். எழுந்து போய் பர்ஸைத் தேட வேண்டிய அந்த இரண்டு நிமிடத்திலேயே பாதி ஆசை அடங்கிவிடும்.

அப்புறம், 25-ம் தேதி காலையிலேயே ஒரு தொகை தானாக 32 நாள் நோட்டீஸ் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். கேட்டாலும் 32 நாள் கழித்துத்தான் பணம் வரும். எந்த ஏர் ஃப்ரையர் ஆசையும் அத்தனை நாள் தாங்காது. தொகை சின்னதாகவே இருக்கட்டும், நடுவில் உடைக்காமல் இருந்தால் போதும்.

கடன் வாங்கி வாங்குகிறீர்கள், வீட்டில் மறைக்கிறீர்கள், அல்லது தூக்கமே இல்லாமல் சில நாள் கண்டபடி செலவு செய்கிறீர்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.

ஒன்று, எல்லா ஆசையையும் மூட்டை கட்டிவிடாதீர்கள். டிசம்பரில் சாலையோரம் லிச்சிக் கொத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துவதெல்லாம் ஒரு குற்றமா? அதற்கென்று கொஞ்சம் ரேண்ட் தனியாக வைத்து, கணக்குப் பார்க்காமல் செலவழியுங்கள்.