டீச்சரிடம் கேளுங்கள்: பத்து நாளில் என்ன படித்துவிடப் போகிறாள்?

கேள்வி: டீச்சர், என் மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். விடுமுறையில் பத்து நாள் தாய்லாந்துக்குக் கல்விப் பயணமாம், காஞ்சனபுரி வரை போகிறார்களாம். 1,800 வெள்ளி கேட்கிறாள். செம்பனை லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர், "ஊர் சுற்றுவதற்குப் பேர் படிப்பா?" என்கிறார். 88 வயது மாமியாரோ சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அனுப்பலாமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அனுப்புங்கள் அம்மா. வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. போய் வந்து, படங்களும் ஒரு டஜன் சாவிக்கொத்தும் மட்டும் கொண்டுவந்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

நான் இதே வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். 2012இல் என் மகனும் இப்படித்தான் கிளம்பினான். பாடாங் பெசாரில் ரயில் ஏறி, பேங்காக் போய், அங்கிருந்து காஞ்சனபுரி. டப்பாவில் நெத்திலி சம்பல் கட்டிக் கொடுத்தேன். போனில் அவன் சொன்ன முதல் செய்தி, அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால் என்பது. சரிதான், இதற்கா இவ்வளவு காசு என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ராத்திரி கூப்பிட்டான். குரலே வேறு மாதிரி இருந்தது. போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். ஏறக்குறைய 7,000 பேர். வரிசை வரிசையாகக் கல், கல்லில் பெயர், வயது. நிறையப் பேர் அவன் வயதுக்காரர்கள். "அம்மா, நம்ம ஆளுங்களும் இந்த ரயில் ரோட்டுலதானே செத்தாங்க? அவங்க கல்லு எங்கம்மா?" என்றான்.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்து, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் முடித்த ரயில் பாதை. நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிப்போனார்கள். சிப்பாய்க்குப் படையில் நம்பர் இருந்தது. காலராவிலும் பட்டினியிலும் மடிந்த பால்வெட்டுக்காரருக்கு யார் கணக்கு வைத்தார்கள்? இதையெல்லாம் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியவள்தான் நான். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

திரும்பி வந்தவன் பையைக்கூடப் பிரிக்கவில்லை. நேரே என் அம்மாவிடம் போய் உட்கார்ந்தான். "பாட்டி, சயாமுக்குப் போன உங்க அப்பா பேரு என்ன?" அம்மாவுக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. என்னிடம் "அவர் திரும்பல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவனிடம் இரண்டு சாயங்காலம் பேசினார். பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஆள் பொறுக்கியது, மூன்று மாத வேலை என்று சொன்னது, போகும்போது அப்பா தன் பால்கத்தியைக் கூரையில் செருகிவிட்டுப் போனது. அவன் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான்.

அதற்கு முன், எந்த ஊர் என்று யாராவது கேட்டால் 'ஈப்போ' என்பான். தோட்டம் என்று சொல்ல வெட்கம். இப்போது தோட்டத்தின் பெயரைச் சொல்கிறான். கேட்டவருக்குத் தெரியாவிட்டால் வழியும் சொல்கிறான், அதுதான் கொஞ்சம் நீளம்!

அடுத்த வருஷம் அம்மா போய்விட்டார். நோட்டில் பாதிக்கு மேல் வெறும் தாள்.

அதனால், பணம் கட்டுங்கள், கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுமா என்று பாருங்கள். அப்புறம், மகள் ரயில் ஏறும் முன்பே ஒரு சாயங்காலம் மாமியார் பக்கத்தில் உட்காரட்டும். அவர் எழுந்து போனால் போகட்டும், மறுநாளும் உட்காரட்டும்.