கடல் விலகிய தெரு: தெலோக் ஆயர் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தோம். தெலோக் ஆயர் தெருவில் நடந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நாகூருக்குப் பக்கத்தில் பிறந்து, கந்தூரிக் கொடியேற்றம் பார்த்து வளர்ந்த எனக்கு, அங்கே 'நாகூர் தர்கா' என்ற பெயரோடு ஒரு கட்டடம் நிற்பதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அது நம் நாகூர்போல இல்லை. கீழே ஐரோப்பியத் தூண்கள், மேலே மினாராக்கள், இடையில் பொம்மை வீட்டுக்கு வைத்ததுபோலச் சின்னச் சின்ன வாசல்கள். சில அடிகள் தள்ளிச் சீனக் கோயில், அதைத் தாண்டிப் பள்ளிவாசல், எதிர்வரிசையில் ஒரு தேவாலயம். மத நல்லிணக்கத்துக்காக அந்தக் காலத்திலேயே திட்டமிட்டு இவற்றைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று எங்களோடு வந்த இளைஞர் சொன்னார். அது உண்மையா? பொறியாளரான என் கணவரோ, அந்தத் தர்கா எந்தப் பாணியிலும் சேராத கலப்படம் என்கிறார். உங்கள் கருத்து என்ன? டிசம்பரில் மறுபடியும் போகிறோம். எதைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச., நாகப்பட்டினம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மலாய் மொழியில் 'தெலோக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் நீர். இன்று அந்தத் தெருவில் நிற்பவருக்கு வங்கிகளின் உயர்ந்த கட்டடங்கள் தெரியுமே தவிர, எந்தத் திசையிலும் கடல் தெரியாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது கடற்கரைத் தெருவாகவே இருந்தது. அருகிலிருந்த வாலிச் குன்றையும் பால்மர் குன்றையும் வெட்டிய மண்ணைக் கொட்டி 1880களில் கடலைத் தூர்த்த பிறகுதான் அது உள்ளே ஒதுங்கிய தெருவாயிற்று. நீங்கள் கேட்ட கேள்விகள் இரண்டுக்கும் விடை இந்தக் கரைக்கோட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தத் தெருவின் கதவிலக்கங்களைக் கவனித்தீர்களா? சீனரின் ஹக்கா, கண்டோனிய மக்கள் 1824இல் எழுப்பிய ஃபுக் தாக் சி கோயில் (இப்போது அருங்காட்சியகம்) 76ஆம் எண். நாகூர் தர்கா 140. ஹொக்கியன் மக்களின் தியான் ஹொக் கெங் கோயில் 158. அல்-அப்ரார் பள்ளிவாசல் 192. எல்லாம் இரட்டைப்படை எண்கள், ஒரே வரிசை. அந்த வரிசைதான் பழைய கரை. கப்பலிலிருந்து இறங்கியவன் மணலைக் கடந்து ஏறி வந்தால் முதலில் எதிர்ப்படும் வாசல்கள் அவை. எதிர்வரிசையில் 235ஆம் எண்ணில் இருக்கும் சீன மெதடிஸ்ட் தேவாலயம் தூர்த்த நிலத்தின் பக்கம் நிற்கிறது. அது 1924இல் கட்டத் தொடங்கி அடுத்த ஆண்டு முடிந்தது. முந்தைய நான்கும் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை; தேவாலயம் எழுந்தபோது பார்ப்பதற்குக் கடல் அங்கே இல்லை. ஆகவே அவற்றை ஒரே மூச்சில், ஒரே திட்டத்தின் விளைவாகப் பேசுவது சரியாகாது.

நல்லிணக்கத்துக்காகத் திட்டமிட்டார்கள் என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் விளக்கம். ஆனால் ஆவணத்தில் இருப்பது அதற்கு நேர்மாறான செய்தி. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம், லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த படத்தில் நாம் காண்பதுபோல, இனங்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரித்தது. சீனருக்கு ஆற்றின் தென்கரை, அரபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் கம்போங் கிளாம் பக்கம், சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களுக்கு ஆற்றின் மேற்பகுதியில் ஓரிடம் என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டுக்குள் சூலியாக்கள் அடங்கியிருக்கவில்லை, அடங்கியிருக்கவும் முடியாது. கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வரும் படகுத் தொழில் தொடக்ககாலத்தில் பெருமளவு அவர்கள் கையில் இருந்தது. படகுக்காரன் கரையருகில்தானே குடியிருப்பான்? சீனருக்கென்று ஒதுக்கிய பகுதியின் நடுவில் தமிழ் முஸ்லிம்களின் மூன்று வழிபாட்டிடங்கள், தெலோக் ஆயர் தெருவில் இரண்டும் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒன்றும், 1826 முதல் 1830 வரையிலான சில ஆண்டுகளுக்குள் எழுந்ததற்குப் பிழைப்பே காரணம். அரசின் திட்டம் பிரித்து வைத்த மக்களை அன்றாட வேலை அருகருகே கொண்டுவந்து நிறுத்தியது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மேலிருந்து அருளப்பட்டது என்று நாம் நம்புகிற அந்த நெருக்கத்தை உண்மையில் உண்டாக்கியவர்கள் பெயர் தெரியாத படகோட்டிகளும் சுமைகூலிகளும் என்பது மறந்துபோகக் கூடாது என்பதுதான்.

அண்டை வீட்டார் என்பதால் எப்போதும் அமைதியாக இருந்தார்கள் என்றும் எண்ணவேண்டாம். சீனர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கும் மக்களுக்குள்ளேயே ஹொக்கியன், தியோச்சியூ பிரிவினர் 1854இல் மோதிக்கொண்டதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒவ்வொரு மொழிக்குழுவும் தனக்கெனத் தனிக்கோயில் எழுப்பிக்கொண்டதை இந்தப் பின்னணியிலும் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒன்று அவர்களுக்குப் பொதுவாக இருந்தது: கடலைப் பற்றிய அச்சம். தியான் ஹொக் கெங்கில் குடிகொண்டிருக்கும் மாசு, ஃபூஜியன் மாநிலத்தின் மெய்சோ தீவில் 10ஆம் நூற்றாண்டில் பிறந்து, கடலோடிகளைக் காக்கும் தெய்வமானவள் என்று நம்பப்படும் பெண். நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது அவர்கள், மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையைத் தம் கைக்கண்ணாடியை வீசி அடைத்த கதையை நீங்கள் பாட்டியின் மடியில் கேட்டிருப்பீர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வங்கக் கடலைத் தாண்டி வந்தவனும், தென்சீனக் கடலைத் தாண்டி வந்தவனும், உயிரோடு கரையேறியதும் முதல் வேலையாக நன்றி சொல்ல ஓடிய வாசல்கள் அவை. இடையில் இன்று சிறு பூங்கா ஒன்றுதான் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தர்காவில் அடக்கம் ஏதும் இல்லை. மகான் நாகூரில்தான் இருக்கிறார். 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு அந்த நிலம் கொடுக்கப்பட்டு, 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டடம் எழுந்தது. ஊரைவிட்டு வந்தவர்கள் தம் ஊரின் நினைவை அங்கே ஒரு கட்டடமாக ஊன்றிவைத்தார்கள். அல்-அப்ராருக்கு அக்காலத் தமிழர் வைத்திருந்த பெயர் 'குச்சுப் பள்ளி'. 1827இல் அது ஒரு கூரைக்குடிசை; 1850களில் செங்கல் கட்டடமான பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அருகிலுள்ள கிராஸ் தெருவைத் தமிழர் 'பால்கடைச் சடக்கு' என்றார்கள்; சடக்கு என்றால் சாலை. மலாய்க்காரர்களும் அதைப் பாலின் பெயராலேயே, கம்போங் சூசூ என்று அழைத்தனர். மாடு கட்டிப் பால் விற்ற நம் மக்கள் தெருப்பெயராக நிலைத்திருந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கணவரின் கருத்துக்கு வருகிறேன். கலப்பு என்று அவர் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. கீழ்த்தளத்தில் கொரிந்தியப் பாணியில் சுவரோடு ஒட்டிய தூண்களும் வளைவு வாசல்களும் இருக்கின்றன. மேலே துளைவேலைப்பாடு கொண்ட கைப்பிடிச் சுவரும் மூலைகளில் அடுக்கடுக்காக எழும் மினாராக்களும் இருக்கின்றன. ஆனால் பாணி இல்லாமை என்று அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சின்ன வாசல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் முகப்பில், இரு எண்கோண மினாராக்களுக்கு நடுவே, இதே போன்று ஒரு குட்டி அரண்மனையே வாசலும் சன்னலுமாகச் செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மனிதர் நுழைய முடியாத வாசல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நம் கோயில் விமானத்தையும் கோபுரத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக நிற்கும் கூடு, சாலை, பஞ்சரம் என்பவை எல்லாம் சிறு கட்டடங்களின் உருவங்கள்தாமே? பெரிய கட்டடத்தைச் சிறிய கட்டடங்களால் அணிசெய்வது தமிழகச் சிற்பியின் இலக்கணம். பள்ளிவாசலில் உருவம் செதுக்கும் வழக்கம் இல்லை. எனவே தெய்வ உருவங்களை விட்டுவிட்டு, அந்த இலக்கணத்தில் எஞ்சிய வாசலையும் மாடத்தையும் மட்டும் அடுக்கியிருக்கிறார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கொரிந்தியத் தூண், ஆங்கிலேயர் குடியேற்ற நகரங்களில் அரசுக் கட்டடம் முதல் வணிகர் மாளிகை வரை அன்று பரவியிருந்த வடிவம். தெரிந்த இலக்கணத்தோடு புதிய ஊரில் கற்ற சொல்லையும் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். இதைக் கலப்படம் என்றால், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூரில் கட்டிக்கொடுத்த பெரிய மனாராவை என்னவென்று சொல்வது?

ஜாமிஆ பள்ளியில் இன்னொன்றையும் உங்கள் கணவர் பொறியாளரின் கண்ணோடு கவனிக்கவேண்டும். முகப்பு வாசல் சாலைக்கு நேராக நிற்கிறது; உள்ளே தொழுகைக்கூடமோ மக்காவை நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்கிறது. ஆங்கிலேயர் போட்ட தெருக்கோட்டுக்கு வாசல் இணங்கியது. தொழுகைத் திசை இணங்கவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் கோணலாக விழும் அந்த இடைவெளியில் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் கூடாது என்பதைக் குடியேறிய மக்கள் எவ்வளவு தெளிவாக முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை அங்கே கண்ணாலேயே காணலாம்.

தியான் ஹொக் கெங்கையும் கலப்பு விடவில்லை. 1839இல் தொடங்கி 1842இல் முடிந்த அந்தக் கோயில், ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தோடு பொருத்தும் தென்சீனத் தச்சுமுறையில் கட்டப்பட்டது. கல்லும் மரமும் சீனாவிலிருந்து வந்தன. ஆனால் இரும்புக் கிராதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்தும் தரை ஓடுகள் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. உள்ளே உத்தரத்தைத் தோளில் தாங்குவதுபோல் இந்தியச் சாயலில் சில மர உருவங்கள் உண்டு. கோயில் பணியில் உதவிய தமிழருக்குச் சீனர் செய்த மரியாதை அது என்று அங்கே சொல்லக் கேட்கலாம். நமக்கு இனிக்கும் கதை. ஆனால் அயல்நாட்டான் ஒருவன் கூரையைத் தாங்குவதாகச் செதுக்குவது ஃபூஜியன் பகுதிக் கோயில்களில் முன்பிருந்தே உள்ள வழக்கம், அதில் சற்று ஏளனமும் உண்டு. அந்தப் பழைய வடிவத்துக்கு முகம் தேடிய தச்சன், தெருவில் தினமும் எதிர்ப்பட்ட முகத்தைச் செதுக்கியிருக்கலாம் என்பது என் ஊகம். என்னைப் பொறுத்தவரை, மரியாதைக் கதையைவிட இந்த அன்றாடப் பழக்கமே பெரிய சான்று.

மாரியம்மன் கோயிலின் கதையும் இந்தத் தெருவில்தான் தொடங்கியது. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை போட்டுக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த நாராயண பிள்ளைக்கு முதலில் கோயிலுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் தெலோக் ஆயர் தெருவில் இருந்தது. வழிபாட்டுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் பக்கத்தில் கிடைக்காததால் அதை அவர் ஏற்கவில்லை. பெயரிலேயே நீரைக் கொண்ட தெருவில் அபிஷேகத்துக்கு ஒரு கிணற்று நீர் இல்லை. இன்னோரிடமும் ஒத்துவராமல், கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் அமைந்து, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாகக் கோயில் எழுந்தது.

டிசம்பரில் போகும்போது காலை எட்டு மணிக்கு முன் தெலோக் ஆயர் தெருவின் எதிர்வரிசையில், அதாவது முன்பு கடலாக இருந்த பக்கத்தில் நின்று, இரட்டைப்படை வரிசையைப் பாருங்கள். படகிலிருந்து பார்த்தவனின் கண் அது. தியான் ஹொக் கெங்கின் படிகளும் வாசற்படியும் ஏன் அத்தனை உயரம் என்பது அப்போது விளங்கும். கடல்நீர் ஏறி வருமே என்று எண்ணிக் கட்டியவை அவை. தர்காவில் 2007இல் தொடங்கிய புதுப்பிப்பு முடிந்து 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது, பொறுமையாகப் பாருங்கள். கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடியில் நடங்கள். தெருவின் இருபுறமும் மக்கள் மழை வெயிலில்லாமல் நடக்க மூடிய நடைபாதை விடவேண்டும் என்று 1822இலேயே விதித்ததன் தொடர்ச்சி அது. கடைக்காரர் அதைத் தம் திண்ணையென்றே நினைத்தனர். நகராட்சி அதை மீட்க முயன்றபோது 1888இல் கலவரமே மூண்டது. இந்தக் கடைவீடுகள் இடிபடாமல் நிற்பதற்கு 1980களின் இறுதியில் வந்த பாதுகாப்பு ஆணைகள் காரணம். அதற்கு முன் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பிறகு பால்கடைச் சடக்கு வழியாகச் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு ஏறுங்கள். சைனாடவுனின் நடுவில் சிவப்பு விளக்குகள் தொங்கும் பகோடா தெரு வரும். பெயரைப் பார்த்துச் சீனப் பகோடா ஒன்றைத் தேடுபவர்கள் உண்டு. தெருமுனையில் நிற்கும் மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது.

அன்புடன்.