கடலில் எடுத்த காசு: அச்சுப் பிழையா, உப்பு அரிப்பா?

பாம்பன் வாசகரின் கேள்வி: ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கிடைத்த சில்லறையில் மூன்று காசுகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். எவர்சில்வர் ஒரு ரூபாயில் விளிம்பிலிருந்து சிங்கத் தலைவரை ஒரு கோடு ஓடுகிறது. ஐந்து ரூபாயில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. பதினொரு பட்டை உள்ள பழைய இரண்டு ரூபாயில் பாதி எழுத்தைக் காணோம். இவை எர்ரர் (அச்சுப் பிழை) காசுகளா?

பதில்: உப்புப் பொருக்கும் மேடாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால் மூன்றையும் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி ஒரு வாரம் வைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். புளி, விபூதி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மேல்தோல் போய்விடும். நல்ல எர்ரர் காசாகவே இருந்தாலும் விலை போகாது.

இப்போது ஒரு ரூபாயின் கோட்டை நகத்தால் வருடுங்கள். டை, அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சு, வெடித்தால், அடிக்கும்போது உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறும். அது காசில் மேடான கோடாக நிற்கும். நகம் தடுக்கி ஏறினால் டை வெடிப்பு. பள்ளத்தில் இறங்கினால் வெறும் கீறல். ஊசி குத்தியதுபோல ஆழமான புள்ளிகள் இருந்தால் அவை கடலுப்பு அரித்தவை. மெல்லிய வெடிப்புக்குப் பெரிய விலை கிடையாது. விளிம்போரம் டையே உடைந்து, எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் உலோகம் கட்டியாகத் திரண்டிருந்தால்தான் விசேஷம்.

அதிகம் பேர் ஏமாறுவது இரட்டை எழுத்தில்தான். பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவது உருவம் தட்டையாக, படிக்கட்டுபோலத் தாழ்ந்து, அந்த அளவுக்கு மூல எழுத்தும் மெலிந்திருந்தால், அடிக்கும் நொடியில் டை ஆடியிருக்கிறது. இது சாதாரணமாக வருவது. டையைச் செய்யும்போதே மூல அச்சு இருமுறை விலகி விழுந்திருந்தால் கதை வேறு: இரண்டு உருவமும் உருண்டு திரண்டிருக்கும், எழுத்து தடித்திருக்கும், அதன் முனைகள் பிளந்து நிற்கும். அந்த டையில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் அதே பிளவு இருக்கும். எனவே அதே வருடம், அதே நாணயச் சாலைக் குறி (எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் சின்னம்) உள்ள இன்னொரு காசு கிடைக்கும்வரை முடிவுகட்டாதீர்கள்.

சாலைக் குறி வருடத்துக்குக் கீழே இருக்கும். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறி இல்லாவிட்டால் கொல்கத்தா. அதை எர்ரர் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டு ரூபாயை 0.01 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். புதிதில் அது 6 கிராம். எடை குறைந்து, விளிம்பும் தேய்ந்திருந்தால் அது அலையும் மணலும் செய்த வேலை. எடை சரியாக இருந்து, விளிம்பு கூர்மையாக, எழுத்து மறைந்த இடம் வழவழப்பாக இருந்தால், டையின் பள்ளத்தில் கிரீஸ் அடைத்திருக்கலாம்.

இன்னொரு சோதனை: சிங்கத் தலை மேலே வரும்படி மேலும் கீழுமாகப் பிடித்து, புத்தகப் பக்கம்போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கம் நிமிர்ந்து நிற்கவேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் டை சுழன்றிருக்கிறது, எடுத்து வையுங்கள்.

உங்கள் பக்கம் சேதுபதி செப்புக்காசு கிடைத்தால் இந்தக் கணக்கு எதையும் அதில் போடாதீர்கள். அவை கையால் அடித்தவை. 'சேது' என்ற எழுத்தில் பாதி வெளியே போயிருப்பது அவற்றில் வழக்கம்தான்.