கிறிஸ்தவர்கள் மீதிருந்த நன்மதிப்பு ஏன் குறைந்துவருகிறது?

அன்பைப் போதிப்பவர்களின் சொல் முன்போல் ஏன் எடுபடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன் என்ற முறையில், குறையை எங்கள் பக்கத்திலேயே தேடுகிறேன்.

முதற்காரணம் சாதி. சென்னை மிஷனெரி மாநாடு 1850ஆம் ஆண்டிலேயே, விசுவாசிகள் சாதியை நடைமுறையில் துறக்க வேண்டுமென வலியுறுத்தியது. 166 ஆண்டுகள் கழித்து, 2016இல், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தலித் மக்கள் இன்னும் பாகுபாட்டுக்கு ஆளாவதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஞாயிறன்று ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு, பெண் பார்க்கும்போது சாதி உட்பிரிவை விசாரிக்கும் எங்களை வியாசர்பாடியில் வாழும் ஒரு தலித் இளைஞர் எப்படி நம்புவார்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது பணம். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டுவதை பைபிளில் யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. ஆனால் நான் சென்றுவந்த ஒரு சபையில் முன்வரிசை நன்கொடையாளர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு கரையில் நிற்க, வருமானமின்றித் தவித்த காசிமேட்டுக் குடும்பம் ஒன்றிடம் அங்கே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்திலொரு பங்கைச் சபைக்குத் தரும் காணிக்கை, நினைவூட்டப்பட்டது. அரிசி கொடுத்திருக்க வேண்டிய நேரம் அது.

தவறிழைத்த போதகர் போன்ற சபை ஊழியரை, சபையின் பெயர் கெடுமென்று அஞ்சி மறைப்பதும் உண்டு. மறைத்தது வெளிப்படும்போது, பாதிக்கப்பட்டவரைக் கைவிட்ட பழியும் சேர்ந்துவிடுகிறது.