வண்டிக்குள் நான் தூங்கும்போது சீசிங் செய்ய முடியுமா?

கேள்வி: சென்னையில் கால்டாக்சி ஓட்டுகிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம். வாடகை கொடுக்க முடியாமல் ஐப்பசியில் அறையைக் காலி செய்துவிட்டு, கோயம்பேடு பக்கம் நிறுத்தி வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன். மழையில் ஓட்டம் இல்லை, வண்டிக் கடனில் மூன்று டியூ நிற்கிறது. போன வாரம் ராத்திரி 11 மணிக்கு இரண்டு பேர் கண்ணாடியைத் தட்டிச் சாவி கேட்டார்கள். தூங்கும்போது சீசிங் என்று வண்டியை எடுத்துப் போய்விடுவார்களா? வண்டி போனால் எனக்குப் படுக்கவும் இடமில்லை.

பதில்: சாவியைக் கொடுக்காமல் இருந்தீர்களே, அதுவரை சரி. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடவே கூடாது என்று 2022லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்கக்கூடாது என்று 2007ல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் உள்ளே இருந்துகொண்டு தர மறுத்தால், உங்களை இறக்கிவிட்டு எடுத்துப்போக அவர்களுக்கு உரிமை இல்லை. மீறினால் 100க்குப் போன் செய்யுங்கள். 'டியூ பாக்கி சார்' என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். 'அது சிவில் மேட்டர்' என்று வைத்துவிடுவார்கள். 'மிரட்டி வண்டியைப் பிடுங்குகிறார்கள்' என்று ஆரம்பியுங்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இங்கே எதை முதலில் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் போலீஸ் வருவதும் வராததும்.

அதற்காக வண்டியை எடுக்கவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். தவணை தவறினால் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் ஷரத்து இருக்கும். அதன்படி நோட்டீஸ் கொடுத்து, தகராறு இல்லாமல் எடுக்கலாம். நீங்கள் மறுத்தால் கோர்ட்டுக்குப் போய், கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனரோடும் போலீஸோடும் வரலாம். அப்படி வந்தால் ஆர்டர் நகலை வாங்கிப் படித்துவிட்டு, உங்கள் துணிமணிகளை இறக்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த நோட்டீஸ்தான். காலி செய்த அறையின் முகவரிதானே ஃபைனான்ஸ் கம்பெனியிடம் இருக்கிறது? நோட்டீஸ் அங்கே போகும், ஆள் இல்லை என்று திரும்பும். கொடுத்த முகவரிக்கு அனுப்பினோம் என்று அவர்கள் சொன்னால், எனக்கு வரவில்லை என்ற உங்கள் பேச்சு எடுபடுவது கஷ்டம். ஊர் முகவரியை இன்றே எழுத்தில் கொடுங்கள். ஆர்சி, லைசென்ஸ் ஒரிஜினலையும் வண்டியில் வைக்காமல் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். செக்கிங்கில் டிஜிலாக்கரில் காட்டினால் போதும்.

தொழில் கருவியை ஜப்தி செய்ய முடியாது, வண்டிதான் உன் தொழில் கருவி என்று ஸ்டாண்டில் யாராவது சொல்வார்கள். இதை வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது வேறு கதை. கைமாற்று வாங்கியவர் மீது ஒருவர் கேஸ் போட்டு ஜெயித்து, அவருடைய சொத்தைத் தேடி வரும்போது, தச்சரின் உளியையும் தையல்காரரின் மெஷினையும் எடுக்காதே என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் வண்டி அந்தக் கடனுக்கே ஈடாக இருப்பது. ஆர்சியில் எச்பி என்று ஏறியிருக்கிறதே, அதுதான். தச்சர் உளியை அடகு வைத்திருந்தால் உளியும் போகும். வண்டிதான் நான் குடியிருக்கும் வீடு என்று சொன்னாலும் இதே பதில்தான்.

சீசிங்காரர்களைவிட நான் பயப்படுவது புரோக்கர்களுக்கு. உங்களைப்போல ஒருவரிடம், 'டியூவை நான் பார்த்துக்கிறேன், வண்டியை மட்டும் விடுங்க' என்று சொல்லி 40,000 ரூபாய் கொடுத்து ஒரு ஆள் வண்டியை வாங்கிப் போனார். வெற்றுத்தாளிலும், பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30லும் கையெழுத்து. எச்பி நிற்கும்போது ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் பெயர் மாறாது என்பது இவருக்குத் தெரியாது. ஒரு டியூகூடக் கட்டவில்லை, இன்சூரன்ஸையும் விட்டுவிட்டார்கள். வண்டி யாரையோ இடித்தது. நஷ்டஈட்டுக்குச் சம்மன் வந்தது இவருக்கு. யார் பெயரில் பதிவோ அவரே உரிமையாளர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஆள் போனை எடுப்பதே இல்லை. பாதிப் பணத்தில் லோனை செட்டில் பண்ணித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரும் இதே ஜாதகம்தான். ஏஜெண்டின் சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கட்டினால் லோன் கணக்கில், ரசீதோடு. 'நானே விருப்பப்பட்டு ஒப்படைத்தேன்' என்று அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தண்டலுக்கு வாங்கி டியூ கட்டலாம் என்ற யோசனை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

மழை விஷயம் என் துறை இல்லை, இருந்தாலும் இரண்டு வார்த்தை. கண்ணாடியை மூடி ஏசி ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாசனையே தெரியாமல் ஆளை எடுத்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இன்ஜின் போகும், கிளெய்மும் தட்டிப்போகும். இன்சூரன்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்டி வெள்ளத்தில் போனாலும் டியூ போகாது.

ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரத்துக்கு 14448. முப்பது நாள் காத்திருந்தால் மழைக்காலமே முடிந்துவிடும், யார் இந்தக் கணக்கைப் போட்டார்களோ! ஆனாலும் எழுதுங்கள், நாளை கோர்ட்டில் காட்ட அது வேண்டும். வக்கீல் செலவுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள்.

கடிதத்தை நீளமாக எழுத வேண்டாம். முதல் வரியில் புது முகவரி. அப்புறம், ராத்திரி 11 மணிக்கு ஆள் வந்தது, தேதியோடு. கடைசியாக ஐயப்ப சீசன் ஓட்டத்தில் என்ன கட்ட முடியும், மீதியை எத்தனை மாதமாகப் பிரித்துத் தர வேண்டும் என்று தொகையோடு கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.